பூச்சுக் கம்பியா, வெறுங்கம்பியா: மதுரை வேர்வைக்கு எது தாங்கும்?

"தம்பி, கோட்டட் எடுக்கவா, சாதா போதுமா?" அகூஸ்டிக் கிட்டாருக்குக் கம்பி வாங்கப் போனால் கடையில் வரும் முதல் கேள்வி இதுதான். கோட்டட் என்றால் மேலே பூச்சு போட்ட கம்பி, சாதா என்றால் வெறுங்கம்பி. விலையைக் கேட்டதும் பெரும்பாலும் "சாதாவே குடுங்கண்ணே" என்று முடிந்துவிடும். பல பேருக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அதற்கு விலை காரணமாக இருக்கக்கூடாது. உங்கள் கிட்டாரில் கம்பி எதனால் சாகிறது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். வேர்வையால் சாகிற கம்பிக்கு ஒரு பதில், அறுந்து சாகிற கம்பிக்கு வேறு பதில்.

சாவு மூன்று வகை

ஆறு கம்பியில் ஒன்றும் இரண்டும் வெறும் எஃகு, மேலே மெல்லிய வெள்ளீய முலாம். மூன்று முதல் ஆறு வரை உள்ளவை, எஃகு நடுக்கம்பியின் மேல் செம்புக் கலவைக் கம்பியை நெருக்கிச் சுற்றியவை. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் விரலின் உப்பும் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோலும் தெருப்புழுதியும் போய் அடைகின்றன. அடைந்துவிட்டால் கம்பி இடத்துக்கு இடம் எடை மாறி, மேல் பிரெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) சுருதி விலகத் தொடங்கும். அதிர்வும் சீக்கிரம் அடங்கும். அதில் முதலில் போவது மேல் நாதங்கள், அதாவது அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து கேட்கும் உயர்ந்த ஒலிகள். கணீரென்று இருந்த ஆறாம் கம்பி தொப்தொப்பென்று கேட்பது அதனால்தான். இது முதல் வகை.

இரண்டாவது, உலோகம் அரிப்பது. செம்பில் களிம்பு ஏறி நிறம் கறுக்கும், எஃகில் துரு பிடிக்கும். மூன்றாவது, உலோகம் களைத்துப் போவது. கிட்டார் உடலில் கம்பியைத் தாங்கும் சேடில் மேல் வளையும் இடத்திலும், சுருதி கூட்டும் டியூனிங் கீயில் மடங்கும் இடத்திலும் கம்பி தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அறும். பிரெட்டு படும் இடங்களில் பள்ளம் விழும்.

பூச்சு தடுப்பது முதல் இரண்டை மட்டும்தான். மூன்றாவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி அலசல் சுலபம்.

பூச்சு என்றால் என்ன

கோர்-டெக்ஸ் மழைக்கோட்டுத் துணி செய்யும் அதே கோர் கம்பெனியின் சரக்குதான் எலிக்ஸிர் கம்பி. அவர்கள் பூச்சு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே குடும்பத்துப் பொருள். சுற்றி முடித்த கம்பியின் மேல் உறை மாதிரி போர்த்துவதால் பள்ளத்துக்குள் அழுக்கு இறங்குவதே இல்லை. அவர்கள் பூச்சு வகைகளில் பாலிவெப் கனமானது, நானோவெப் மெல்லியது. கடைகளில் அதிகம் கிடைப்பது நானோவெப்தான்.

இன்னொரு வழி, சுற்றும் கம்பிக்கு முதலில் பூச்சு கொடுத்துவிட்டுப் பிறகு நடுக்கம்பியின் மேல் சுற்றுவது. டடாரியோ என்ற கம்பிக் கம்பெனியின் பழைய இஎக்ஸ்பி வரிசை அப்படிப்பட்டது. கைக்கும் காதுக்கும் இது வெறுங்கம்பிக்கு நெருக்கமாக இருக்கும். பள்ளம் திறந்தே இருப்பதால் அழுக்கு சேரும், ஆனால் களிம்பு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. அதனால் அட்டையில் "கோட்டட்" என்று இருப்பதை மட்டும் பார்த்து இரண்டு பிராண்டை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

ஒன்றாம், இரண்டாம் கம்பியின் கதை தனி. எலிக்ஸிர் செட்டில்கூட அவற்றுக்குத் துருப்பிடிக்காத முலாம்தான், அந்த வழுவழு உறை கிடையாது.

சத்தம்: முதல் நாளை நம்பாதீர்கள்

புதிதாக மாட்டிய அன்று வெறுங்கம்பிதான் ஜெயிக்கும். பளிச்சென்று, ஓரம் கூர்மையாக இருக்கும். பூச்சுக் கம்பி அன்றே ஒரு வாரம் வாசித்த கம்பி மாதிரி கொஞ்சம் மழுங்கலாகக் கேட்கும். ஆனால் அது அந்த இடத்திலேயே நின்றுவிடும், வெறுங்கம்பி இறங்கிக்கொண்டே போகும். வேர்க்கிற கையில் இரண்டு மூன்று வாரத்திலேயே இரண்டும் சமமாகி, அதற்கு மேல் பூச்சு முந்திவிடும். கடையில் ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள்.

ஒப்பிடும்போது நடக்கும் பெரிய தப்பு இன்னொன்று. 80/20 பிரான்ஸ் வெறுங்கம்பியைக் கழற்றிவிட்டு பாஸ்பர் பிரான்ஸ் பூச்சுக் கம்பியை மாட்டி, "பூச்சு போட்டால் சத்தம் கனிஞ்சு போகுது" என்பார்கள். 80/20 என்பது 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பேர்தான் பிரான்ஸ், சரக்கு பித்தளை. பாஸ்பர் பிரான்ஸில் சுமார் 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம், துளி பாஸ்பரஸ். 1974-இல் டடாரியோ கொண்டுவந்த இந்தக் கலவையே இயல்பில் கனிந்த சத்தம் தருவதுதான். கேட்ட வித்தியாசத்தில் பாதி கலவையுடையது. நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் கேஜும் (கம்பியின் தடிமன்) கலவையும் ஒன்றாக இருக்க வேண்டும்: டடாரியோவின் பாஸ்பர் பிரான்ஸ் வெறுங்கம்பியான இஜே16-க்கு எதிரே எலிக்ஸிர் நானோவெப் பாஸ்பர் பிரான்ஸ் லைட். இரண்டும் ஒன்றாம் கம்பியிலிருந்து 12, 16, 24, 32, 42, 53 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு).

விரல் நகரும்போது வரும் கீச்சுச் சத்தம் பூச்சுக் கம்பியில் குறைவு. மைக் வைத்து வாசிப்பவர்களுக்கு இது பெரிய லாபம். அந்த வழுக்கலே பிடிக்காதவர்களும் உண்டு. அதில் வாதம் செய்து பயனில்லை, கை பழகினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிக்கப் (ஒலியை மின்சாரமாக்கும் கருவி) வழியாக மிக்சருக்குப் போகும் கிட்டார் என்றால் சத்த வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும்.

கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும். பூச்சுக் கம்பி சாதாவைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குக்காக ஒன்று 600 ரூபாய், மற்றது 1500 ரூபாய் என்போம். சித்திரை, வைகாசியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலே மணிக்கட்டு நனைகிற கை என்றால், தினம் ஒரு மணி நேர வாசிப்பில் வெறுங்கம்பி நாலு வாரம்; வாரத்துக்கு 150 ரூபாய். பூச்சு 14 வாரம் வந்தால் 107 ரூபாய். பூச்சு லாபம்.

உலர்ந்த கைக்கு வெறுங்கம்பியே 12 வாரம் வரும், வாரத்துக்கு 50. பூச்சு 20 வாரம் வந்தாலும் 75 ரூபாய். நஷ்டம். பலமாக ஸ்ட்ரம் செய்து (கம்பிகளைச் சேர்த்து அடித்து) ஆறு வாரத்தில் மூன்றாம் கம்பியை அறுத்துவிடுகிறவருக்கோ பூச்சு வாரத்துக்கு 250 ரூபாய். அவர் உறைக்குக் காசு கொடுத்து, உறை காக்காத இடத்தில் அடி வாங்குகிறார். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்: கம்பி மாற்றிய தேதியை கிட்டார் பைக்குள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்தால் மூன்றாம் மாற்றத்தில் விடை தெரிந்துவிடும்.

யாருக்கு எது

சர்ச்சிலோ பள்ளியிலோ பத்துக் கை மாறும் கிட்டாருக்குப் பூச்சுதான். யார் கை கழுவினார், யார் பரோட்டா தின்ற கையோடு எடுத்தார் என்று காவல் இருக்க முடியாது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வரும் கிட்டாருக்கும் பூச்சுதான். ஐப்பசி மழையில் வாசிக்காமல் கிடந்தாலும் வெறுங்கம்பி கறுத்துவிடும். கொடைக்கானல் மூட்டத்தில் தங்கும் கிட்டாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ரெக்கார்டிங் என்றால் புது வெறுங்கம்பி. இரண்டு நாள் முன்னால் மாட்டி, நன்றாக இழுத்துவிட்டுச் சுருதி நிலைத்த பிறகு. டிசம்பர் கேரல் ரவுண்டுக்கும் இதையே சொல்வோம்: ராத்திரிப் பனியில் தெருத்தெருவாகப் போய் ஓங்கி அடிக்கும் வாசிப்பு, கம்பி அறும், அறுந்தால் மலிவானது அறட்டும்.

கற்றுக்கொள்பவருக்கு வழுக்கல் விரலுக்கு இதம் என்று பூச்சு வாங்கித் தருகிறார்கள். விரல் வலியைக் குறைப்பது பூச்சு அல்ல, கேஜ். 12-53 செட்டின் இழுவிசை மொத்தம் 70 கிலோவுக்கு மேல். 10-47 அதைவிடக் கணிசமாகக் குறைவு. 10-47 வெறுங்கம்பியில் ஆரம்பித்து, மிச்சக் காசில் நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பி தாங்கும் துண்டு), சேடில் உயரத்தைச் சரிசெய்துகொள்வது மேல். விலை குறைந்த கிட்டார்களில் சேடில் விளிம்பு கூராக இருக்கும். ஒரே கம்பி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் அந்த விளிம்பை நைஸ் எமரித் தாளால் லேசாக உருட்டாமல் எந்தக் கம்பி போட்டும் பயனில்லை.

மாட்டும்போது

பிரிட்ஜ் (கம்பியின் அடிமுனை பொருந்தும் கட்டை) துளைக்குள் விடும் முன் குண்டு முனைக்கு அருகே கம்பியை லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். துளையை அடைக்கும் பின்னை அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுத்தால் குண்டு உள்ளே பலகையில் போய் உட்காரும். பின்னின் நுனியில் உட்கார்ந்தால் சுருதி ஏற்றும்போது பின் துள்ளி வெளியே வரும்.

டியூனிங் கீயைத் தாண்டி, சுற்றுக் கம்பிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர், வெறும் எஃகுக் கம்பிக்கு 7 சென்டிமீட்டர் தளர்ச்சி விடுங்கள். முன்னதற்கு இரண்டு மூன்று சுற்று, பின்னதற்கு மூன்று நாலு சுற்று வரும். பூச்சுக் கம்பி வழுக்கும் என்பதால் இரண்டு சுற்றுக்குக் குறைந்தால் நழுவும். மீதியை, கீயில் மடக்கிச் சுருதி ஏற்றிய பிறகே வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் சுற்று தளர வாய்ப்புண்டு. வாசிக்கும் நீளத்தைக் குறடால் பிடிக்கவே கூடாது. பற்கள் பட்ட இடத்திலிருந்து பூச்சு உரிய ஆரம்பிக்கும். கழுத்தில் கவ்வும் கேப்போ கிளிப்பைத் திறக்காமல் இழுத்துத் தள்ளுவதும் அதே சேதம்.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்

வெறுங்கம்பி தானே சொல்லிவிடும். விரலில் கறுப்பு ஒட்டும், நிறம் மங்கும். பூச்சுக் கம்பி ஏமாற்றும், பார்க்கப் புதிதாகவே இருக்கும். மீட்டும் பிக் படும் இடத்தில் பஞ்சு பஞ்சாக உரிவது முதலில் தோற்றம்தான், உடனே மாற்ற வேண்டியதில்லை. உரிந்த இடத்தில் உலோகம் கறுத்தால் மாற்றுங்கள். ஓரம் தேய்ந்த பிக் அரம் மாதிரி. அதை முதலில் மாற்றினால் உரிவதே குறையும்.

இரண்டு வகைக்கும் பொதுச் சோதனை: பிரெட்டுக்கு நேரே கம்பியின் அடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். பன்னிரண்டாம் பிரெட்டில் ஹார்மோனிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக இல்லாமல், புதுக் கம்பியில் ஒன்றாக இருந்தது நினைவிருந்தால், கம்பி முடிந்தது. உறை நன்றாக இருக்கிறதே என்று வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் சுருதிக் கோளாறுக்குக் கிட்டாரைக் குறை சொல்வார்கள்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் அடியும் துடைத்தால் வெறுங்கம்பிக்குச் செலவில்லாமல் ஆயுள் கூடும். தேங்காய் எண்ணெய் தடவுவது புழுதிக்குப் பந்தி வைப்பது. வெறுங்கம்பியைக் கழற்றிக் கொதிக்க வைத்தால் அடைந்த அழுக்கு இளகிச் சில நாள் பளிச்சென்று கேட்கும், அவ்வளவே. பூச்சுக் கம்பிக்கு அந்த வைத்தியம் வேண்டாம். பித்தளைதானே என்று புளி போட்டுத் தேய்க்கத் தோன்றினால், அந்த அமிலம் நடுக்கம்பிக்குள் இறங்கி எஃகை அரிக்கும்.

வாங்கும்போது

எலிக்ஸிர், டடாரியோ இரண்டு பிராண்டிலும் போலிப் பாக்கெட்டுகள் சந்தையில் உண்டு. விலை வழக்கத்தைவிடப் பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டடாரியோ செட்டின் குண்டு முனைகளுக்கு நிற வரிசை உண்டு: ஆறாம் கம்பியிலிருந்து பித்தளை, சிவப்பு, கறுப்பு, பச்சை, ஊதா, வெள்ளி நிறம். பாக்கெட்டுக்குள் இருக்கும் குறியீட்டு எண்ணை அவர்கள் இணையதளத்தில் பதிந்தும் பார்க்கலாம். எந்த வகை வாங்கினாலும் 12, 16 கேஜ் எஃகுக் கம்பி உதிரியாக இரண்டிரண்டு சேர்த்து வாங்கி வையுங்கள். முதலில் துருப்பிடிப்பதும் பெரும்பாலும் அறுவதும் அவைதான்; அவற்றுக்காக நல்ல நிலையில் இருக்கும் நாலு பூச்சுக் கம்பியையும் சேர்த்துக் கழற்ற வேண்டியதில்லை.