டிஷ்வாஷர்ல தண்ணி இறங்கலையா? நம்மளே பாக்குறதா, லோக்கல் மெக்கானிக்கா, கம்பெனியா

காரைக்குடி பக்கம் இருக்கறவங்களுக்கு டிஷ்வாஷர் அடியில தண்ணி தேங்கி நின்னா நாலு வழி இருக்கு. நம்மளே கழட்டிப் பாக்கலாம், யூடியூப் வைத்தியம் பண்ணலாம், வாஷிங் மெஷின் பாக்குற லோக்கல் ஆளைக் கூப்பிடலாம், இல்ல கம்பெனிக்குப் போன் போடலாம். எது சரின்னு கேட்டா தண்ணி எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுங்கறதைப் பொறுத்தது, அதைப் பாக்காம யாருக்கும் போன் போடாதீங்க, விசிட்டிங் சார்ஜ் தண்டம்.

பாக்குறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. சிங்குக்கு அடியில சொருகியிருக்கற ட்ரெயின் ஹோஸ், அதாவது அழுக்குத் தண்ணி வெளிய போற குழா, அதோட நுனியை உருவி ஒரு வாளிக்குள்ள விட்டுட்டு, ஓடிக்கிட்டிருக்கற வாஷை கேன்சல் பண்ணுங்க, கேன்சல் ஆனதும் மெஷின் தானா தண்ணியை வெளிய தள்ளப் பாக்கும். வாளில குபுகுபுன்னு கொட்டுச்சுன்னா மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, சிங்க் பைப்புதான் அடைப்பு, பிளம்பர் போதும். உர்ருன்னு சத்தம் மட்டும் வந்து தண்ணி வரலைன்னா பம்புல ஏதோ சிக்கியிருக்கு, இல்ல ஹோஸ் எங்கயோ மடங்கியிருக்கு. சத்தமே வரலைன்னா பம்பு, வயரு, எலக்ட்ரானிக் போர்டு மூணுல ஒண்ணு. பாஷ் மாடல்ல ஈ24ன்னு காட்டுனா ஹோஸ் பக்கம், ஈ25ன்னா பம்பு பக்கம்னு அதுவே சொல்லிரும். ஃபில்டருக்கு அடியில கொஞ்சூண்டு தண்ணி எப்பவும் நிக்கத்தான் செய்யும், அது கோளாறு இல்ல.

முதல் ஓட்டு எப்பவும் நம்ம கைக்குத்தான். பிளக்கைப் புடுங்கிட்டு, கீழ் ட்ரேயை வெளிய எடுத்துட்டு, நிக்கிற தண்ணியை மக்குல மொண்டு மிச்சத்தை பழைய துண்டுல ஒத்தி எடுத்துருங்க. ஃபில்டரைத் திருகித் தூக்குனா நம்ம சமையலோட வரலாறே அதுல இருக்கும், கருவேப்பிலைக் காம்பு, புளி நாரு, கடுகு, மராட்டி மொக்குத் துண்டு, எல்லாத்துக்கும் மேல நல்லெண்ணெய் இறுகிப்போய் பசை மாதிரி. வெந்நியும் பழைய பிரஷும் போதும். அதுக்குக் கீழ பள்ளத்துல பம்பு மூடி இருக்கும், பாஷ்ல அதை ஸ்பூனை வச்சு நெம்பி எடுக்கணும்னு மேனுவல்லயே போட்டிருக்கான். உள்ள சின்னதா ஒரு விசிறி, விரலால சுத்திப் பாருங்க, கையுறை போட்டுக்கங்க, உடைஞ்ச கிளாஸ் சில்லு கிடக்கும். அந்த விசிறி வழுக்கிக்கிட்டு சுத்தாது, தடுக்கித் தடுக்கித்தான் சுத்தும், உள்ள காந்தம் இருக்கறதால அப்படி. பம்பு போச்சுன்னு சொல்லி நல்ல பம்பை மாத்துற கூத்து பாதி இங்கதான் ஆரம்பிக்குது.

யூடியூப் வைத்தியம்னா பேக்கிங் சோடாவும் வினிகரும். ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு நுரை வரும், பாக்க நல்லா இருக்கும், எண்ணெய்ப் பசையும் போகாது, சிக்குன எலும்புத் துணுக்கும் நகராது. பைப்புக்கு ஊத்துற ஆசிட்டை மெஷினுக்குள்ள ஊத்தவே கூடாது, ரப்பர் சீலும் போயிரும் ஸ்டீலும் அரிச்சிரும்.

இப்ப லோக்கல் ஆளா கம்பெனியா. கம்பெனி ஆளு நிறைய நேரம் மதுரையிலயோ திருச்சியிலயோ இருந்து வரணும், ரெண்டுமே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், மதுரையில இருந்து பள்ளத்தூர் கானாடுகாத்தான்னு வரணும்னா இன்னும் இழுக்கும். வாரன்டி இருந்தா வேற யோசனையே வேணாம், காத்துக்கிடங்க, வேற ஆளு கை வச்சா வாரன்டிக்குத்தான் வேட்டு. போர்டு கோளாறுன்னாலும் கம்பெனிதான். ஆனா வாரன்டி முடிஞ்சு வெறும் பம்பு மட்டும் போயிருந்தா நான் லோக்கல் ஆளுக்குத்தான் சொல்லுவேன், வாஷிங் மெஷின்ல ட்ரெயின் பம்பு மாத்தித் தேஞ்ச கைக்கு இது புதுசு இல்ல, அன்னைக்கே வந்தும் நிப்பாரு. ஒரே கண்டிஷன், "ஆச்சி, எங்கிட்டயே ஒரு பம்பு இருக்கு, மாட்டி விட்டுறவா"ன்னு கேட்டா வேணாம்ப்பான்னுருங்க. வாஷிங் மெஷின் பம்பு பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் மாட்டுற வாய் வேற, எம்சீல் வச்சு ஒட்டி உட்காத்துனா நாலு நாள்ல ஒழுகும். கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற மாடல் நம்பரை போட்டோ எடுத்து அதுக்கான பம்பை நம்மளே வரவச்சு அவர் கையில குடுக்கறதுதான் நல்லது. ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னா, விலை ரொம்ப வித்தியாசம் இல்லைன்னா ஒரிஜினல்.

இந்த ரெண்டு பேருமே கவனிக்காத ஒண்ணு நம்ம பழைய வீட்டுல இருக்கு. செவரு கனம் ஒரு முழம், அடுப்படியில பைப்பு வசதி கிடையாதுன்னு ஹோஸை நீட்டி செவத்துல ஓட்டை போட்டு ரெண்டாங்கட்டு முற்றத்து வாய்க்கால்ல விட்டிருப்பாங்க. ஓட்டைக்குள்ள ஹோஸ் நசுங்கும், நீளம் கூடக்கூட பம்பால தள்ள முடியாது. தரையோட தரையா கிடந்தா இன்னொரு கூத்து, உள்ள வர்ற தண்ணி கழுவுறதுக்கு முன்னாடியே தானா இழுத்துக்கிட்டு ஓடிரும். ஹோஸ் தரையில இருந்து ஒரு 40 சென்டிமீட்டராவது மேல ஏறி இறங்கணும், ஒரு மீட்டரைத் தாண்டாம இருந்தா நல்லது. பம்பு மாத்தியும் திரும்பத் திரும்ப தண்ணி நிக்குதுன்னா இதைத்தான் பாக்கணும், கொத்தனாரும் பிளம்பரும் சேர்ந்து செய்ற வேலை இது.

சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருந்துக்கிட்டு விசேஷத்துக்கு மட்டும் வீட்டைத் திறக்கறவங்களுக்கு கணக்கே வேற. மாசக்கணக்கா பூட்டிக் கிடந்தா அடியில நிக்கிற தண்ணி வத்தி, உப்பும் எண்ணெயும் காஞ்சு விசிறியைப் பிடிச்சுக்கும், பம்பு செத்த மாதிரியே இருக்கும் ஆனா செத்திருக்காது. ரெண்டு மக்கு வெந்நி ஊத்தி, கொதிக்கக் கொதிக்க வேணாம், அரை மணி நேரம் ஊறவிட்டு விசிறியைக் கையால நாலு சுத்து சுத்துனா முக்காவாசி கிளம்பிரும். அப்பவும் கிளம்பலைன்னாதான் மெக்கானிக், அதுவும் விருந்தாளுக வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே.