கூகுள் ஆட்சென்ஸ்: டெல்டாவிலிருந்து தமிழ்த் தளம் நடத்துவோருக்கு எவ்வளவு பயன்?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களுக்குச் செல்லும் வழி, நடை திறக்கும் நேரம், பரிகார விவரம் ஆகியவற்றைத் தமிழில் தரும் ஒரு சிறு இணையதளத்தை நடத்திவருகிறேன். அதன் செலவையும் என் உழைப்புக்கான ஊதியத்தில் ஒரு பகுதியையும் ஈட்டித் தருவது கூகுள் ஆட்சென்ஸ்; நம் தளத்தில் விளம்பரங்களைக் காட்டி, அதற்கான பணத்தில் நமக்குப் பங்கு தரும் கூகுளின் சேவை அது. ‘வீட்டிலிருந்தே இணையத்தில் சம்பாதிக்கலாம்’ என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்புகள் நம் ஊர்களில் பெருகிவிட்டன. இந்தச் சேவை எதைத் தரும், எதைத் தராது என்பதை அதைப் பயன்படுத்துபவர் ஒருவரே எழுதுவது நல்லது என்று தோன்றியதால் இந்த மதிப்புரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கில் காட்டிய பணத்தைக் குறித்த தேதியில் தரும் நம்பகமான சேவை இது, ஆனால் தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் தொகை சிறியது என்பதால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதை நம்பி இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

2003-இல் தொடங்கிய ஆட்சென்ஸ், தமிழை 2018-இல்தான் ஏற்றுக்கொண்டது. அதுவரை முழுக்கத் தமிழில் எழுதியவர்களுக்கு இந்த வழி முறைப்படி திறக்கவில்லை. நம் பக்கத்தை ஒருவர் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்குள்ள விளம்பர இடத்துக்கு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏலம் நடந்து, வென்றவரின் விளம்பரம் அங்கே வந்து அமர்கிறது. விளம்பரம் செய்வோர் இடம் வாங்குவதற்கான கூகுளின் சேவை கூகுள் ஆட்ஸ்; அதன் வழியாக வாங்கும் விளம்பரதாரர் செலுத்தும் தொகையில், கூகுள் ஆட்ஸ் சராசரியாக 15 சதவீதம் எடுத்துக்கொண்டது போக, மீதியில் 80 சதவீதம் நமக்கு வருவதாகக் கூகுள் அறிவித்திருக்கிறது. அதாவது விளம்பரதாரரின் நூறு ரூபாயில் ஏறத்தாழ 68 ரூபாய். முன்பு பெரும்பாலும் கிளிக் அடிப்படையில் கிடைத்த பணம், 2024-இன் தொடக்கத்திலிருந்து விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. பங்கீட்டை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வது பாராட்டத்தக்கது.

சிக்கல் பங்கீட்டில் இல்லை, ஏலத்தொகையில் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் இடம் கேட்டு வரும் விளம்பரதாரர்கள் குறைவு. தமிழ்நாட்டு வாசகருக்காக அவர்கள் கொடுக்க முன்வரும் விலையும் குறைவு. அதே பக்கத்தைச் சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருந்து ஒருவர் திறந்தால் விலை கணிசமாக ஏறுகிறது. ஆண்டுதோறும் குருப்பெயர்ச்சி வரும்போது ஆலங்குடிப் பக்கத்துக்கும், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி வரும்போது திருநள்ளாறு பக்கத்துக்கும் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களில் பார்வை உயரும் அளவுக்கு வருமானம் உயர்வதில்லை, ஏனெனில் வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மாவட்டங்களிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் கைப்பேசியில் நடை நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுபவர்கள். மாறாக, ஊருக்கு வரும் முன் வெளிநாட்டிலிருந்தே ஒன்பது தலங்களுக்குமான பயணத்தைத் திட்டமிடும் குடும்பங்கள் நீண்ட கட்டுரைகளை முழுவதும் படிக்கின்றன. எண்ணிக்கையில் சிறிய அந்த வாசகர் கூட்டமே வருமானத்தைத் தாங்குகிறது. தமிழில் தளம் தொடங்குபவர் எதை எழுதுவது என்று முடிவு செய்யும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது அவசியம்.

விண்ணப்பிக்கும் முறை எளிது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும்; தளம் நம்முடையதாகவும், அதில் உள்ளவை சொந்தமாக எழுதியவையாகவும் இருக்க வேண்டும். ஒப்புதல் பெரும்பாலும் சில நாட்களில் வரும், சில சமயம் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். வருமானம் 10 டாலரைத் தொட்டதும், முகவரியைச் சரிபார்ப்பதற்கான ஆறு இலக்க எண்ணைத் தாங்கிய சிறு அட்டை ஒன்று தபாலில் அனுப்பப்படுகிறது. நம் ஊர்த் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவிலக்கங்கள் இருப்பதாலும், ஒரே பெயரில் கீழவீதியும் மேலவீதியும் ஊருக்கு ஊர் இருப்பதாலும், இரண்டு எண்களையும் அஞ்சலகத்தின் பெயரையும் முகவரியில் சேர்ப்பது நல்லது. தபால்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் உதவும். நான்கு மாதங்களுக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். அட்டை வராதபட்சத்தில் மீண்டும் கேட்டுப் பெறலாம்.

கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், எனவே சிறிய தமிழ்த் தளத்துக்கு முதல் தொகை கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். தகுதி பெற்ற தொகை மாதத்தின் 21 முதல் 26 வரையிலான தேதிகளில் அனுப்பப்படுகிறது. சிறிய ஊர்களில் உள்ள பல வங்கிக் கிளைகளுக்கு, வெளிநாட்டுப் பணத்தைப் பெறத் தேவையான ஸ்விஃப்ட் கோடு என்ற வங்கிக் குறியீடு தனியாகக் கிடையாது. அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக்கு உரிய கோடைக் கேட்டு வாங்கித் தர வேண்டும். பணம் வந்ததும், அது எதற்காக வந்தது என்பதைக் குறிக்கும் பர்ப்பஸ் கோடைக் கிளையில் கேட்பார்கள்; விளம்பரச் சேவைக்கான ரிசர்வ் வங்கிக் குறியீடு பி1007. இது வணிக வருமானம் என்பதால் வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது விளம்பரங்களைத் தடுக்கும் வசதியை. வைத்தீஸ்வரன் கோயிலைப் பற்றிய பக்கத்தில் நாடி சோதிட விளம்பரம் வந்து அமர்வது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் உடல்நலம் வேண்டி அந்தத் தலத்துக்கு வருபவர், கலக்கத்தோடு படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்படியொரு விளம்பரத்தைப் பார்த்தால், அது கோயில் பரிந்துரைத்தது என்றோ நான் பரிந்துரைத்தது என்றோ நினைக்க இடமிருக்கிறது. ஆட்சென்ஸில் உணர்வுபூர்வமான வகைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சோதிடத்தையும், குறுக்கு வழியில் பணக்காரராக்கும் திட்டங்களையும், சூதாட்டச் சாயல் கொண்ட விளையாட்டுகளையும் ஒரே அழுத்தில் நிறுத்திவிடலாம். அவற்றை நிறுத்துவதால் ஏலத்தில் போட்டி குறைந்து வருமானம் கொஞ்சம் இறங்கும். அந்த இழப்பை ஏற்பதே சரி என்று நினைக்கிறேன்.

இதே அக்கறையோடு ஆட்டோ ஆட்ஸ் என்ற தானியங்கி வசதியையும் பார்க்க வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டால், திரையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பரமும், ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முழுத்திரையை மறைக்கும் விளம்பரமும் சேர்ந்துவிடும். கஞ்சனூரிலிருந்து சூரியனார்கோயிலுக்குப் பேருந்தில் போய்க்கொண்டே, நடை சாத்துவதற்குள் சென்றுவிட முடியுமா என்று பார்க்கும் ஒரு பெரியவருக்கு, மூடும் குறியைத் தேடவைக்கும் முழுத்திரை விளம்பரம் பெரும் தொல்லை. நேர அட்டவணை உள்ள பக்கங்களில் முழுத்திரை வகையை நிறுத்திவிட்டு, கட்டுரையின் நடுவில் ஓரிரு இடங்களை மட்டும் விடுவது வாசகருக்கும் நல்லது, தளத்தின் பெயருக்கும் நல்லது.

குறை என்றால், முதலில் வருவது உதவி. தொலைபேசியில் பேச வழியில்லை. வாரத்துக்கு 25 டாலருக்குக் குறையாமல் தொடர்ந்து ஈட்டுபவர்களுக்கே மின்னஞ்சல் வழி உதவி. மற்றவர்கள் உதவிப் பக்கங்களையும் பிற பயனர்களின் பதில்களையும் நம்பியிருக்க வேண்டும். அடுத்தது செல்லாத கிளிக் பற்றிய விதி. சொந்த விளம்பரத்தை நாமே கிளிக் செய்வதும், பிறரைச் செய்யச் சொல்வதும் தடைசெய்யப்பட்டவை, அது நியாயம். ஆனால் நம் குடும்பங்களில் ‘தம்பிக்கு உதவியாக இருக்கட்டும்’ என்று அத்தையும் சித்தப்பாவும் வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் திறந்து விளம்பரங்களை வரிசையாகத் தொடுவது இயல்பாக நடக்கக்கூடியது. அதற்குக் கணக்கே முடக்கப்படலாம், எந்தக் கிளிக்கால் என்ற விவரமும் தரப்படாது. தளம் தொடங்கும் அன்றே வீட்டாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆட்சென்ஸோடு சேர்த்து இரண்டு வழிகளை வைத்துக்கொண்டால்தான் கணக்கு ஓரளவு நிற்கும். ஒன்று அஃபிலியேட் கமிஷன், அதாவது நம் தளத்தில் உள்ள லிங்க் வழியாகச் சென்று வாசகர் வாங்கும் பொருளுக்கு விற்பவர் நமக்குத் தரும் பங்கு. அமேசானின் இத்தகைய திட்டமான அமேசான் அசோசியேட்ஸில் சேர்ந்தால், நம் லிங்கைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கும் பொருளுக்குக் கமிஷன் வரும். சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பற்றி எழுதுபவர், கடையில் எடை பார்த்து, தண்டின் வார்ப்பையும் இணைப்பு மரையையும் கையால் சோதித்து அறிந்தவராக இருந்தால், இணையத்தில் அந்தப் பெயரில் விற்கும் விளக்குகளில் எது தேறும் என்று சொல்லும் தகுதி அவருக்கு உண்டு. கமிஷன் கிடைக்கும் லிங்க் என்பதை அதன் அருகிலேயே வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. மற்றொன்று நேரடி விளம்பரம். நவக்கிரகச் சுற்றுலாவுக்கு வேன் வாடகைக்கு விடுபவரும், கோயில் அருகே தங்கும் விடுதி நடத்துபவரும் மாதக் கட்டணம் கொடுத்து விளம்பரம் வைத்தால், அதே இடத்துக்கு ஏலத்தில் கிடைப்பதைவிட நல்ல தொகை வருகிறது. அத்தகைய லிங்குகளின் நிரலில் ஸ்பான்சர்டு என்ற குறிப்பைச் சேர்க்கும்படி கூகுள் தேடல் விதி கேட்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது டொமைன், அதாவது நம் தளத்தின் இணைய முகவரிப் பெயர். முதலாண்டுச் சலுகை விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியது நம் பெயரிலும் நம் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த விடுதி உரிமையாளர் ஒருவருக்குத் தளம் அமைத்துக் கொடுத்தவர், டொமைனைத் தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். டாட்காம் போன்ற பெயர்களுக்குக் காலாவதியாகும் முன், ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது விதி. அவை இரண்டும் அமைத்தவரின் மின்னஞ்சலுக்கே போயின, பெயர் கைவிட்டுப் போயிற்று. டொமைனுக்குச் செலவிடத் தயங்குபவர், கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் இலவசமாகத் தொடங்கி, ஆட்சென்ஸ் ஒப்புதலையும் அங்கேயே பெறலாம்.

அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. கும்பகோணத்தின் தங்குமிடம், குளத்துக்குச் செல்லும் வழி, தீர்த்தமாடும் முறை ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கவனமாக எழுதக்கூடியவர்கள் இப்போதே தளத்தைத் தொடங்கினால், ஒப்புதலும் முகவரிச் சரிபார்ப்பும் வங்கி வேலையும் முடிந்து, தேடலில் பக்கங்கள் நிலைபெறவும் போதிய காலம் இருக்கும்.