ஸ்காலாவில் குழுவாக்கும் ஃபங்ஷனை எங்கே வைப்பது?

தோவாளை மலர்ச் சந்தை வியாபாரி ஒருவருக்கான கணக்கு மென்பொருளை நாகர்கோவிலிலிருந்து ஸ்காலா என்ற நிரல்மொழியில் எழுதிவருகிறேன். விடியற்காலையில் வரும் சரக்கைப் பூவாரியாகப் பிரிக்க வேண்டும். முதலில் வந்த பூ பட்டியலிலும் முதலில் நிற்க வேண்டும். பிச்சி, அரளி, சம்பங்கி என்று அவருடைய கைநோட்டும் அந்த வரிசையில்தான் போகிறது. குழுவாகப் பிரிக்க ஸ்காலாவிலேயே இருக்கும் groupBy மெத்தட் தரும் மேப்பில் (பெயருக்கு எதிரே அதன் மதிப்பை வைக்கும் தொகுப்பு) இந்த வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். அது பல கோப்புகளில் தேவைப்பட்டதால், எல்லாவற்றுக்கும் பொதுவாக எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது.

கிளாஸ்கள் மரபுரிமையாகப் பெறும் ட்ரெயிட்டில் வைப்பதை உடனே ஒதுக்கிவிட்டேன். பட்டியலைப் பிரிப்பதற்காக ஒரு கிளாஸ் எதையும் மரபுரிமையாகப் பெற வேண்டியதில்லை. ஒரு பேக்கேஜ் முழுவதற்கும் பொதுவானவற்றை வைக்கும் பேக்கேஜ் ஆப்ஜெக்ட் கைவிடப்படும் என்று ஸ்காலா 3-இன் ஆவணமே சொல்கிறது. மிஞ்சியவை இரண்டு: ஏற்கெனவே உள்ள வகைக்கு வெளியிலிருந்து புது மெத்தட் சேர்க்கும் இம்ப்ளிசிட் கிளாஸ், அதாவது ஸ்காலா 3-இல் எக்ஸ்டென்ஷன், அல்லது ஓர் ஆப்ஜெக்ட்டுக்குள் சாதாரண ஃபங்ஷன்.

படிப்பதற்கு அழகு எக்ஸ்டென்ஷன்தான். பட்டியலுக்குப் பின் புள்ளி வைத்து, மேப், ஃபில்டர் போன்ற மெத்தட்களோடு ஒரே தொடராக எழுதிப் போகலாம். அந்த அழகுக்காகவே நானும் ஸ்காலா 2.12 பதிப்பின் காலத்தில் இம்ப்ளிசிட் கிளாஸில் வைத்து, குரூப்மேப் என்று பெயரிட்டேன். 2019-இல் வெளியான 2.13-இல் அதே பெயரில், அதே வடிவில் ஸ்காலாவே ஒரு மெத்தட் கொண்டுவந்துவிட்டது. பட்டியலின் சொந்த மெத்தட் பொருந்திவிட்டால் கம்பைலர் இம்ப்ளிசிட்டைத் தேடுவதே இல்லை. பதிப்பை மாற்றினேன், பிழை ஒன்றும் வரவில்லை. ஆனால் ஓடியது என் குரூப்மேப் அல்ல, வரிசைக்கு உத்தரவாதம் தராத ஸ்காலாவின் குரூப்மேப். ஓணத்துக்கு முந்தைய வாரம், சரக்கு மலையாகக் குவியும் நேரத்தில், பூக்களின் வரிசை கலைந்து அச்சானது. வியாபாரி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடியதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

பெயரை மாற்றினால் போதுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நாளை ஸ்காலா எந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? எக்ஸ்டென்ஷனுக்கும் இதே விதிதான். ஆப்ஜெக்ட்டின் பெயரைச் சொல்லி அழைக்கும் ஃபங்ஷனை இப்படி யாரும் சத்தமில்லாமல் மறைக்க முடியாது. அடைப்புக்குறி ஒன்று கூடுகிறது, தொடர் நடுவே அறுகிறது, பரவாயில்லை.

சரக்குப் பதிவுக்கு மட்டுமே பொருந்தும் குழுவாக்கத்தை சரக்குப் பதிவு கிளாஸின் கம்பேனியன் ஆப்ஜெக்ட்டில் (அதே பெயரில் அதற்குத் துணையாக இருக்கும் ஆப்ஜெக்ட்) வைத்திருக்கிறேன். இவ்வளவும் நான் தனியாளாகப் பராமரிக்கும் ஒரு சிறிய மென்பொருளில் கண்டது. இருபது பேர் சேர்ந்து எழுதும் இடத்தில் எக்ஸ்டென்ஷனின் வாசிப்பு எளிமைக்கு இன்னும் அதிக மதிப்பு இருக்கலாம்.