மலையிலேயே வாசிப்பதா, கீழே இறங்குவதா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ நன்றாகக் கீபோர்டோ கிதாரோ வாசிக்கும் பையனோ பெண்ணோ கல்லூரியை முடித்ததும் வீட்டில் ஒரு விவாதம் கிளம்பும்: சென்னைக்குப் போவதா, இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்வதா? எங்கள் காலத்திலும் இதே விவாதம்தான். அப்போது சென்னை என்றால் துணிச்சல், மலை என்றால் சோம்பல் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இன்று கணக்குப் பார்த்தால் நான்கு வழிகளில் அதிக ஆபத்துள்ளது சென்னை வழிதான் என்பது என் கட்சி. திரையிசை வாசிப்பு, சொந்தப் பாடல் வெளியீடு, மேடை, கற்பித்தல் ஆகிய நான்கையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம்.

சென்னையின் ஒலிப்பதிவுக் கூடம்

எண்பதுகளில் ஒரு திரைப்பாடலுக்கு வயலின் வரிசை, குழல், கிதார், தபேலா, டிரம்ஸ் என்று கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். 1983-இல் மிடி என்ற இணைப்பு முறை வந்தது. மின்னணுக் கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. தொண்ணூறுகளில் கணினியில் அடுக்கி இசையமைப்பது தமிழ்த் திரையிசையின் வழக்கமாகி, கூடத்தில் நாற்காலிகள் குறைந்தன. இப்போது பெரிய படம் என்றால் புடாபெஸ்டிலோ மாசிடோனியாவிலோ உள்ள வயலின் குழு வாசிக்க, இசையமைப்பாளர் இங்கிருந்தபடியே இணையம் வழியாகக் கேட்டுத் திருத்துகிறார். சிறிய படம் என்றால் வயலின் குழு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த வேலைதான் நம் ஊரிலிருந்து ரயிலேறியவர்களுக்குச் சோறு போட்டது.

அங்கே பணம் வரும் விதத்தையும் பார்க்க வேண்டும். வாசிப்பவருக்கு அன்றைய கால்ஷீட்டுக்கான தொகை. பெரும்பாலும் அத்தோடு கணக்கு முடிந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பெரிய காப்பு. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஓடுவதைத் தவிர மற்றப் பயன்பாடுகளுக்கெல்லாம் ராயல்டியில் அவர்களுக்குச் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாகத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டுக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் பாட்டை எழுதியவர் கைக்கு வருவதும், அதில் இடையிசைக்கு நாலு வரி கிதார் வாசித்தவர் கைக்கு வருவதும் ஒப்பிடக்கூடிய தொகைகளே அல்ல. பாட்டு எழுதப் போகிறவருக்குச் சென்னை ஒரு கணக்கு, வாசிக்கப் போகிறவருக்கு வேறு கணக்கு.

மாசிடோனியாவிலிருந்து வாசித்து அனுப்ப முடியும் என்றால் குன்னூருக்குப் பக்கத்து அரவங்காட்டிலிருந்து முடியாதா? முடியும். ஒரு நல்ல மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் சுத்தமான பதிவு, மின்வெட்டைத் தாங்கும் யுபிஎஸ் ஆகியவை போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: கூப்பிடுகிறவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். சென்னை இன்றும் உண்மையில் தரக்கூடியது அந்த அறிமுகம் ஒன்றைத்தான். ஆகவே ஓரிரு ஆண்டு அங்கே தங்கி முகம் காட்டிவிட்டு மலைக்குத் திரும்பி, கேட்பவருக்கு இங்கிருந்து வாசித்து அனுப்புவது அறிவுள்ள காரியம். பிழைப்பையே அங்கே நட்டுவைப்பது வேறு.

இயந்திரம் யார் வேலையை முதலில் எடுக்கிறது?

நான்கு வழிகளையும் குறுக்கே வெட்டும் கேள்வி இது. செயற்கை நுண்ணறிவால் பாட்டு செய்து தரும் சூனோ 2023 டிசம்பரில் பரவலாக வந்தது, அதேபோன்ற யூடியோ 2024 ஏப்ரலில். இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் குரலும் வாத்தியமும் சேர்ந்த பாட்டு வந்து விழும். பெரிய ஒலிப்பதிவு நிறுவனங்கள் 2024 ஜூனில் இரண்டின் மீதும் வழக்குப் போட்டன. 2025 இறுதிக்குள் அவற்றில் சில சமரசமாகி உரிம ஒப்பந்தமே செய்துகொண்டன. இதற்கிடையில் தன் தளத்துக்கு நாள்தோறும் வரும் புதிய பாடல்களில் 18 சதவீதம், அதாவது இருபதாயிரத்துக்கும் மேல், முழுக்க இயந்திரம் செய்தவை என்று, இணையத்தில் பாடல் கேட்கத் தரும் டீசர் நிறுவனம் 2025 ஏப்ரலில் சொன்னது.

இதைப் படித்துவிட்டு இசையே முடிந்தது என்று ஒப்பாரி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், இது வெறும் கருவிதான் என்று கையை உதறுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் வேலைகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. விளம்பரத்துக்குப் பின்னால் ஓடும் இருபது வினாடி இசை, குறும்படத்துக்கான சோகப் பின்னணி, நிறுவனக் காணொளிகளின் துள்ளல் மெட்டு, பாடகருக்குக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவு ஆகியவற்றை யார் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெயர் கேட்கப்படாத வேலைகள் இயந்திரத்துக்கு முதலில் போகின்றன. சென்னைக்குப் புதிதாகப் போகிறவர் முதல் சில ஆண்டுகளில் வாடகை கட்டுவது இவற்றை வைத்துத்தான். ஏணியின் உச்சி அப்படியே இருக்கிறது, கீழ்ப் படிகளைத்தான் உருவிக்கொண்டிருக்கிறார்கள்.

பாடகருக்கு இன்னொரு கவலை உண்டு. 2024-இல் வெளியான லால் சலாம் படத்தின் ஒரு பாடலில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார்; குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அதற்கு ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அனுமதியின்றி அவர் குரலைப் போலி செய்யும் கருவிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. உள்ளூர் ஸ்டுடியோவில் பக்திப் பாடல் பாடும் பெண்ணுக்கும் இது பொருந்தும். ‘இந்தப் பதிவைக் கொண்டு என் குரல் மாதிரியை உருவாக்கக் கூடாது’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் காசு செலவாகாது. ஒப்பந்தமே இல்லாமல் பாடுவதுதான் இங்கே வழக்கம் என்பது தனிச் சோகம்.

சொந்தப் பாடல்: தமிழிலா, படுகு மொழியிலா?

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. 2024 முதல் அதில் ஒரு விதி: முந்தைய 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. யூடியூபில் விளம்பர வருவாய் வேண்டுமானால் ஆயிரம் சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது ஷார்ட்ஸில் பெரும் எண்ணிக்கையும்) தேவை. இந்த வாசல்களை ஊட்டியில் இருந்துகொண்டே தாண்டலாம், ஊர் தடையில்லை. தாண்டிய பிறகு கிடைப்பதை வைத்து மளிகைக் கடன் அடைக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

இங்கே நீலகிரிக்காரருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தேர்வு உண்டு. தமிழில் காதல் பாட்டு போட்டால் அது தமிழ்த் திரையிசை முழுவதோடும், மேலே சொன்ன இயந்திரப் பெருவெள்ளத்தோடும் மோத வேண்டும். நீலகிரியின் படுகர்கள் பேசும் படுகு மொழியில் போட்டால் 2011 கணக்கெடுப்பின்படி அதைப் பேசுவோர் சுமார் 1.3 லட்சம் பேர்தான். சந்தை சிறியது என்று சிரிக்கலாம். ஆனால் அந்த 1.3 லட்சத்தில் கல்யாணம் நடக்கிறது, படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை நடக்கிறது, பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர்ப் பாட்டைத் தேடிக் கேட்கிறார்கள். பாட்டு ஒன்று பிடித்துப்போனால் பாடியவரை மேடைக்கு அழைக்கிறார்கள். இணையத்தில் வரும் சில்லறையை விட அந்த அழைப்புதான் வருமானம்.

இதில் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கிறது. கீபோர்டின் ஆலையில் பதித்து அனுப்பிய தாளத்தைத் தட்டிவிட்டு, அதன்மேல் தெரிந்த திரைமெட்டைக் கொஞ்சம் வளைத்துப் பாடும் பாட்டுகள் இங்கே ஏராளம். அவை ஏற்கெனவே பாதி இயந்திரம்தான். மீதிப் பாதியை இயந்திரம் எடுத்துக்கொள்ள நாளாகாது. மாறாக, நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் குழலும் கொம்பும் தப்பட்டையும் சேர்ந்து எழுப்பும் ஒலியையோ, ஆட்டத்தில் வட்டமாகச் சுற்றும்போது கால் எங்கே விழுகிறது என்பதையோ இயந்திரம் எங்கிருந்து கற்கும்? இணையத்தில் குவிந்திருப்பதைத்தான் அது சராசரி எடுத்துத் தருகிறது. அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022-இல் தேசியத் திரைப்பட விருது கிடைத்தபோது, முறையாகப் பயின்றவர்களுக்கு அல்லவா தர வேண்டும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் பாடியதை அவர்களால் பாட முடியாது என்பதைக் கவனிக்கவில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சமூகத்தின் சடங்கு இசையை மைக்கில் பிடித்து வந்து தன் பெயரில் வெளியிடுவது திருட்டு. ஊரில் கேட்டு, வாசித்தவர்களின் பெயரைப் போட்டு, பங்கையும் கொடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

காகித வேலை அலுப்பானது, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி எனும் 12 எழுத்து அடையாள எண் இருக்க வேண்டும். பாட்டை இணையத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் வெளியிட்டால் பெரும்பாலும் அவரே தருவார். மெட்டும் வரியும் உங்களுடையது என்றால் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் சேருங்கள். பாட்டை எழுதி முடித்த அன்றே யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடிய பிறகு கேட்டால் நண்பரும் பங்காளி ஆகிவிடுவார்.

வீட்டில் பதிவு செய்வோருக்கு மலை பாதி வரம், பாதி சாபம். இரவில் வாகனச் சத்தம் இருக்காது. ஆனால் தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக் வேறெதையும் கேட்காது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை என்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பதிவுக்கு ஆகாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே கதி. கிதார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. இங்கே மழைக்காலத்தில் அது கனவு. பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு மூடி வைப்பது கட்டாயம்.

மேடை

ஓட்டல் வாசிப்பு சீசனை நம்பியது. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம், பிறகு வெறிச். 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற முன் அனுமதி வந்தபின், ஓட்டலை மட்டும் நம்பிப் பிழைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாணமும் கோயிலும் தேவாலயமும் உறுதியானவை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பதால் இங்கே கச்சேரி சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிகிறது. அது வாசிப்பவரின் உடம்புக்கும் நல்லது. மணமேடைக்கு முன்னால் நின்று, பாட்டியின் விருப்பப் பாட்டைக் கேட்ட நொடியில் சுருதி மாற்றி வாசிக்கிறவரின் இடத்துக்கு வர இயந்திரத்துக்கு இன்னும் வெகுகாலம் ஆகும்.

கற்பித்தல்

நான்கிலும் நிதானமானது இது. லவ்டேலில் 1858-இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி, கொடைக்கானலில் 1901-இல் தொடங்கிய சர்வதேசப் பள்ளி எனத் தங்கிப் படிக்கும் பள்ளிகள் இந்த இரண்டு மலைகளிலும் நெடுங்காலமாக இருக்கின்றன. மேற்கத்திய இசை கற்பிக்க ஆள் தேவைப்படும் இடங்கள் அவை. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்து, மேலே டிப்ளமோவும் வைத்திருப்பவருக்குச் சான்றிதழே கதவைத் திறக்கும். காதால் கேட்டே வாசித்து வளர்ந்தவர்கள் இந்தத் தேர்வைக் கேலி செய்வார்கள். கேலி செய்தபடியே எழுதிவிடுவது உத்தமம்.

இருபத்திரண்டு வயதுள்ள ஒருவர் இன்று என்னிடம் கேட்டால் கற்பித்தலையும் மேடையையும் சோற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்; ஆண்டுக்குச் சில பாடல்களைச் சொந்த மொழியில், சொந்த உரிமையில் வெளியிடச் சொல்வேன். சூனோ போன்றவற்றை மெட்டுக்கு யோசனை தேடவோ பயிற்சிக்குப் பின்னணி செய்யவோ பயன்படுத்தலாம், வெளியிடும் பதிவில் வேண்டாம். வெறும் கட்டளை வரியால் உண்டான பாட்டுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. தனக்கென்று உரிமை கோர முடியாத பாட்டை யாருக்காகச் சேர்த்து வைப்பது?

இசையமைப்பாளராகவே ஆகியே தீர வேண்டும் என்ற வெறி உள்ளவருக்கும், வயலினிலோ குழலிலோ கேட்டவுடன் திரும்பிப் பார்க்க வைக்கும் கை உள்ளவருக்கும் இதெல்லாம் பொருந்தாது. அவர்கள் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிவிடட்டும். ஏறுவதற்கு முன் ஓராண்டு வாடகைக்குப் பணம் சேர்த்திருக்க வேண்டும். முன்பு அந்தப் பணத்தைத் தந்த சில்லறை வேலைகள் இப்போது அங்கே அவர்களுக்காகக் காத்திருக்காது.