நாலு சக்கர ரோபோ கிட்: உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

புரோகிராம் ஏற்றும் ஆர்டுயினோ ஊனோ போர்டு, மோட்டார்களுக்குக் கரண்டைத் தந்து ஓட்டும் எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டார் நான்கு, ஒலி அனுப்பித் தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சார், இரண்டு 18650 லித்தியம் பேட்டரி செல் போடும் பெட்டி. இவ்வளவுதான் கிட். பாம்பன், மண்டபம் பக்கத்துப் பள்ளிகள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஒன்று வேண்டாம், ஐந்து பேருக்கு ஒன்று போதும். மிச்சப் பணத்தில் உதிரி மோட்டார் இரண்டும் ஒரு மல்டிமீட்டரும் வாங்குங்கள்.

முதல் நாள் சக்கரம் சுற்றாவிட்டால், ஊனோவின் கிரவுண்டும் (GND என்ற முனை) டிரைவரின் கிரவுண்டும் வயரால் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான். சதுர 9 வோல்ட் பேட்டரி வேண்டவே வேண்டாம். நான்கு மோட்டார் கேட்கும் கரண்டை அதனால் தர முடியாது, கிளம்பும்போதே ஊனோ ரீசெட் ஆகும். முழுசாக ஏறிய இரண்டு செல் 8.4 வோல்ட், டிரைவர் ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கியதுபோக மோட்டாருக்குப் போவது சரியான அளவுதான்.

இந்தக் கரையின் தொல்லை வேறு. செல் பெட்டி ஸ்பிரிங்கில் துரு ஏறும், ஜம்பர் வயர் முனை கறுக்கும். வண்டி ஓடும், நிற்கும், தட்டினால் மறுபடி ஓடும். பிள்ளைகளோ புரோகிராமைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்! முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். விசைப்படகு வயரிங் பார்க்கும் அண்ணன் ஒருவரை ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுவதை அவர் கையில் பார்த்தால் பிள்ளைகளுக்கு மறக்காது. ஊரும் லேபுக்குள் வந்துவிடும்.

தூர சென்சார் 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை என்பார்கள். மீன்வலையைத் தடையாக வைத்துச் சோதிக்காதீர்கள். ஒலி கண்ணி வழியே போய்விடும்.

வயரிங், புரோகிராம், சோதனை, நோட்டு என்று வேலையைப் பிரித்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் டைப் அடிக்கத் தெரிந்தவனே முதலாளி, மற்றவர்கள் ஸ்குரூ எடுத்துக் கொடுப்பவர்கள். நோட்டில் எது கழன்றது, ஏன் கழன்றது என்று மட்டும் எழுதட்டும். யார் கழற்றினார் என்ற பஞ்சாயத்து தானே அடங்கும்.

பக்கத்துப் பள்ளியும் இதே கிட்டை வாங்கினால் உதிரியை மாற்றிக்கொள்ளலாம். டீன் கேமன் 1989-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் மாணவர் ரோபோ போட்டிகளில், எதிரணிக்கே உதிரிபாகம் கொடுத்து உதவுவது வழக்கம். மோட்டார் இல்லாமல் நிற்கிற அணியை ஜெயிப்பதில் என்ன பெருமை?

குறை என்றால், கிட்டில் சார்ஜர் கிடையாது. 18650-க்கென்றே உள்ளதைத் தனியாக வாங்கி, ஆசிரியர் பார்வையில் மட்டும் சார்ஜ் போடுங்கள்.