ஈஸ்டர் பணிசும் ஒரு மேசை ஓவனும்

38 லீற்றர், 1,600 வாற்று, மேலும் கீழும் சூடாகும் கம்பிகள், உள்ளே காற்றைச் சுற்றவிட ஒரு விசிறி, 60 நிமிடம் வரை திருப்பக்கூடிய மணி. 2025 தவக்காலம் தொடங்கிய கையோடு திருகோணமலை டவுனில் இந்த மேசை ஓவனை 30,000 ரூபாய்க்குள் வாங்கினோம். பெயரைவிட அளவும் வலுவும்தான் முக்கியம் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் பண்டிகைக்குக் கேக் தட்டை அருகிலுள்ள ஒரு பேக்கரிக்குக் கொண்டுபோய்ப் போறணையில் வைத்து எடுப்போம். விறகுப் போறணையின் சூட்டைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பெரிய வாரத்தில் அவர்களுக்குப் பாண் வேலையே தலைக்கு மேலே இருக்கும். எங்கள் தட்டு ஓரத்தில் காத்துக் கிடக்கும்; அடித்து வைத்த மாவில் இருந்த காற்றெல்லாம் போய்விடும். வெந்து வரும்போது கேக் அமுங்கித்தான் இருக்கும்.

முதலில் பணிஸ், ஏனென்றால் வாங்கியதே அதற்காகத்தான். பெரிய வெள்ளிக்கு எங்கள் வீட்டில் சிலுவைப் பணிஸ் முட்டையும் பட்டரும் இல்லாமல்தான். அந்தக் காலத்தில் தவக்காலம் முழுக்க முட்டையும் பாலும் விலக்கப்பட்டிருந்தன, அதனால்தான் ஈஸ்டருக்கு முட்டை அத்தனை பெரிய விஷயமாயிற்று என்று மாமி சொல்லித் தந்தார். இப்போது திருச்சபை அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்குத் தேங்காய்ப்பால், ஞாயிறுக்குப் பட்டரும் முட்டையும் என்று மாமி பிரித்து வைத்ததை நான் மாற்றவில்லை. அரைக் கிலோ கோதுமை மாவுக்கு 7 கிராம் ஈஸ்ட், மூன்று மேசைக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி கறுவாத் தூள், கொஞ்சம் சாதிக்காய், ஒரு பிடி பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை). பன்னிரண்டு பணிஸ் வரும், ஒரு தட்டில் சரியாக அடங்கும். சிலுவைக்கு வெறும் மாவும் தண்ணீரும் குழைத்து, எண்ணெய்த்தாள் கூம்பில் ஊற்றிக் கோடு போட்டால் போதும். வெந்ததும் சூட்டோடு சீனிப்பாணி தடவுங்கள்.

ஏப்ரல் மாதத் திருகோணமலைப் புழுக்கத்தில் மா பொங்கி இரட்டிப்பாக முக்கால் மணித்தியாலம் போதும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் போட்டிருக்கும் ஒன்றரை மணிவரை விட்டால் புளிப்பேறிவிடும்.

இனி ஓவனின் குறை. குமிழை 200 இல் வைத்தால் உள்ளே 180 தான் இருக்கிறது. தனியாக ஒரு ஓவன் தெர்மோமீற்றர் வாங்கித் தட்டில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அது இல்லாமல் இந்த வகை ஓவன் வாங்க வேண்டாம். மேல்கம்பி தட்டுக்குக் கிட்ட இருப்பதால் பணிசின் உச்சி முதலில் சிவந்துவிடும். தட்டை அடித்தட்டில் வைத்து, பாதி நேரத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் ஒரே நிறமாக வரும். பிளக் விஷயத்தில் கவனம்: 1,600 வாற்று என்றால் 7 அம்பியர். 5 அம்பியர் பிளக்கிலோ மலிவான நீட்டு வயரிலோ கொடுக்காதீர்கள், 13 அம்பியர் சுவர்ப் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் எரிந்தாலே ஒன்றரை யூனிற்றுக்குச் சற்று மேல்தான். சூடு பிடித்ததும் கம்பி அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும்.

ஒரு தட்டுத்தான் ஒரு நேரத்தில் வேகும். அயலுக்கும் கொடுக்க வேண்டுமென்றால் பெரிய வியாழன் பின்னேரம் முழுக்கக் குசினியில்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது. தவக்காலத்தில் நான் துப்பறியும் கதைகளைத் தொடுவதில்லை, அதுதான் என் ஒறுத்தல். அதனால் மா பொங்கும் நேரத்தில் யோவான் நற்செய்தியைக் கையில் எடுத்தேன். உயிர்த்த இயேசு விடியற்காலையில் கரையில் நின்று, கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காத சீடர்களைக் கூப்பிடுகிற இடம். வெறும் வள்ளத்தோடு திரும்புகிறவர்கள் இருக்கும் ஊரில் அந்த அதிகாரத்தைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது. களைத்து வந்தவர்களுக்கு அவர் முதலில் செய்தது சாப்பாடு.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 13, மறுநாளே சித்திரைப் புத்தாண்டு. அடுத்த வீட்டு அக்கா கொண்டுவந்த பலகாரம் புனித வாரம் முழுக்க மூடியே இருந்தது. ஈஸ்டர் காலையில் அதே தட்டில் பட்டர் பணிஸ் வைத்துத் திருப்பிக் கொடுத்தோம். மேசையில் ஒரு மெழுகுதிரியும் ஏற்றினோம். 2019 ஈஸ்டர் குண்டுத்தாக்குதலில், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இதே காலை வழிபாட்டுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதை ஏற்றாமல் நாங்கள் சாப்பிட உட்காருவதில்லை.

ஓவனால் வந்த பெரிய நன்மை ஞாயிறுக்குப் பிறகுதான். நாற்பது நாள் தவத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம். ஆனால் உயிர்ப்புக் காலம் பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள் என்பதைத் திங்களே மறந்துவிடுகிறோம். அந்த வருடம் ஜூன் 8 வரை ஞாயிறு பின்னேரங்களில் ஏதாவது ஒன்று ஓவனில் இருந்தது: ரவையும் கஜுவும் போட்ட கேக், சீனிச்சம்பல் அடைத்த பணிஸ், ஒருமுறை வெறும் பாண். பிள்ளைகள் சித்திரக் கதைகளோடு, நான் விட்டுவைத்த துப்பறியும் கதையோடு, நடுவில் பிளேன்டீ. மாமிகூடக் கொலைகாரன் யார் என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு கிலோவுக்கு மேல் கேக் அடிக்கிறவர்களுக்கும், விற்பனைக்குச் செய்கிறவர்களுக்கும் இது போதாது, 60 லீற்றருக்குப் போங்கள். வீட்டுக்கும் அயலுக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். கூட வரும் தட்டு கடல்காற்றில் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. கழுவியதும் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள், இல்லாவிட்டால் அலுமினியத் தட்டு ஒன்றை அளவெடுத்து வாங்குங்கள்.