2017ஆம் ஆண்டுக் கணினியில் 4கே அரங்கேற்றம்: சிம் லிம் ஸ்குவேரில் ஒரு மேம்படுத்தல்

பரதநாட்டிய அரங்கேற்றங்களையும் திருமணங்களையும் ஒளிப்பதிவு செய்து தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ரைசன் 5 1600 செயலி, பி350 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 வரைகலை அட்டை என்று 2017இல் கூட்டிய மேசைக்கணினிதான் இத்தனை காலமும் எனக்குச் சோறு போட்டது. கேமராக்களை, நிற விவரம் கூடுதலாக உள்ள 10-பிட் 4:2:2 பதிவுக்கு மாற்றிய பிறகு அது திணறத் தொடங்கியது. மூன்று கேமராக்களின் 4கே காட்சிகளை ஒன்றாக ஓடவிட்டால் படம் விட்டுவிட்டு நகரும். தில்லானாவில் ஒரு தீர்மானம் (அடவுகளை முடித்துவைக்கும் கோர்வை) எந்த அடியில் வந்து முடிகிறது என்று பார்த்து வெட்ட வேண்டியவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. சிறிய அளவுப் பிரதிகளைத் தயாரித்துக்கொண்டு வேலை செய்யலாம்தான், ஆனால் இரண்டரை மணி நேர நிகழ்ச்சிக்கு மூன்று கேமராவுக்கும் அவற்றைத் தயாரிப்பதிலேயே அரைநாள் போய்விடும். விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் செயலிகளின் பட்டியலில் முதல் தலைமுறை ரைசனுக்கு இடமில்லை.

ஆகவே கணினிப் பெட்டியைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு சிங்கப்பூரின் ரோச்சோர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். 2014இல் ஒரு கைப்பேசிக் கடை செய்த அட்டூழியத்தால் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரின் பெயர் கெட்டது உண்மை. ஆயினும் விலைப்பட்டியலைத் தாளில் அச்சிட்டு அடுக்கி வைத்திருக்கும் மேல்மாடி உதிரிபாகக் கடைகளுக்கு நான் தொடர்ந்து போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். முதலில் நுழைந்த கடையில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் 2,500 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் புதுக் கணினி ஒன்றுக்கு விலை சொன்னார்கள். இரண்டாவது கடையில் இருந்த தமிழ் இளைஞர், "அண்ணே, முதல்ல உங்க வீடியோவைக் காட்டுங்க" என்றார். கடையின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், என் பாராட்டு அந்த இளைஞருக்கு உரியது என்பதே. அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கக்கூடும்.

நான் கொண்டுபோன காட்சியை டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் ஓடவிட்டு, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு சுமை என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை அருகில் திறந்து வைத்தார். செயலி நூறு விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வரைகலை அட்டையில், சுருக்கிப் பதிவான வீடியோவை விரித்துக் கொடுக்கும் பகுதியோ சும்மா கிடந்தது. ஹெச்.265 என்ற சுருக்க வடிவத்தில், நிற விவரம் குறைவான 4:2:0, முழுமையான 4:4:4 ஆகிய இரண்டையும் விரிக்கும் என்விடியா அட்டைகள்கூட நடுவில் உள்ள 4:2:2ஐ மட்டும் பல தலைமுறைகளாக ஏற்கவில்லை; ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அதுவரை முழுச் சுமையும் செயலியின் தலையில்தான் விழும். கையில் பணம் இருக்கிறதே என்று பழைய தலைமுறையின் பெரிய அட்டை ஒன்றை வாங்கியிருந்தால், என் குறை அப்படியே இருந்திருக்கும். என்னிடம் ரிசால்வின் கட்டணப் பதிப்பு இருப்பதையும் உறுதிசெய்துகொண்ட பிறகே, 16 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அட்டையைப் பரிந்துரைத்தார். அந்த அட்டை எட்டு பிசிஐஇ தடங்களை (அட்டைக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான தரவுப் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும் என்பதாலும், என் மதர்போர்டுப் பலகை பழைய பிசிஐஇ 3.0 தலைமுறை என்பதாலும், நொடிக்குச் சுமார் 8 ஜிபி மட்டுமே போய்வர முடியும் என்ற குறையை அவராகவே சொன்னார். தொகுப்பு வேலையில் அந்தக் குறை எனக்கு இதுவரை தென்படவில்லை.

செயலியிலும் இதே நிதானம் இருந்தது. 12 கருக்கள் (கோர்கள்) கொண்ட ரைசன் 9 5900எக்ஸ் வேண்டும் என்று நான் கேட்டேன். அது 105 வாட் செயலி. என் பலகையில் செயலிக்கு மின்சாரம் ஊட்டும் பாகங்களின் மேல் வெப்பம் தணிக்கும் தகடுகூட முழுமையாக இல்லை. அதைச் சுட்டிக்காட்டி, 8 கருக்களும் 65 வாட்டும் கொண்ட 5700எக்ஸ் போதும் என்றார். பழைய செயலி இருக்கும்போதே பலகையின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் புதியதைப் பொருத்த வேண்டும். இந்த வரிசை மாறினால் திரையில் ஒன்றும் வராது. பி350 பலகைகளுக்கு இச்செயலிகளை ஏற்கும் பயாஸ் 2022இல்தான் பரவலாகக் கிடைத்தது என்பதால், அதற்கு முன் முயன்று கைவிட்டவர்கள் மீண்டும் பார்க்கலாம். ரேமை 32 ஜிபியாக்கி, 2 டெராபைட் எம்.2 எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றையும் சேர்த்தோம். ரேம் விலை ஏறிக் கிடப்பதால் ஒரு மாத உத்தரவாதத்துடன் பழையதையே வாங்கினேன். கூலி 80 வெள்ளியோடு மொத்தம் 1,380 வெள்ளி.

குறைகள் இல்லாமல் இல்லை. 5700எக்ஸ் செயலியோடு, அதைக் குளிர்விக்கும் கூலர் வராது. பழைய செயலியின் கூலரே போதும் என்று அதையே பொருத்தினார்கள். குளிரூட்டிய கடையில் அது போதும். குளிர்சாதனம் இல்லாத என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில், பிற்பகல் வெக்கையில் ஏற்றுமதி (தொகுத்த காட்சியை ஒரே கோப்பாக எழுதும் வேலை) ஓடும்போது அது போடும் சத்தத்தில் மிருதங்கத்தின் நுணுக்கமான சொற்கள் காதில் விழுவதில்லை. நாற்பது ஐம்பது வெள்ளிக்கு உயரமான கூலர் ஒன்றை அன்றே சொல்லியிருக்கலாம். மற்ற எல்லாவற்றிலும் அவ்வளவு யோசித்தவர் இதில் ஏன் கஞ்சத்தனம் காட்டினாரோ தெரியவில்லை. பெட்டியின் முன்பக்க ஒலிவாங்கிக் கம்பியைச் செருக மறந்துவிட்டார்கள். வீட்டில் நானே செருகிக்கொண்டேன். ரேமின் வரிசை எண் ரசீதில் இல்லை. கேட்ட பிறகே எழுதிக் கொடுத்தார்கள். பழைய பொருள் வாங்குவோர் இதைக் கேட்காமல் நகரக் கூடாது.

இப்போது மூன்று கேமராக் காட்சிகளும் பிரதி எதுவும் இல்லாமல், தடங்கலின்றி ஓடுகின்றன. இரவு தொடங்கினால் விடியும்வரை இழுத்துக்கொண்டிருந்த ஏற்றுமதி ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது. மேடை விளக்கின் இரைச்சல்புள்ளிகளை நீக்கும்போது வரைகலை நினைவகம் நிரம்பிவிட்டதாக வரும் எச்சரிக்கையை இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இந்தப் பலன் எல்லாப் பழைய கணினிக்கும் கிடைக்காது. அதே 2017இல் ஏழாம் தலைமுறை இன்டெல் வாங்கிய என் நண்பரின் பலகையில் செருகுமிடத்தின் வடிவம் ஒன்றாக இருந்தும் எட்டாம் தலைமுறைச் செயலி வேலை செய்யாது. அவருக்கு அந்த இளைஞர் பலகையையும் சேர்த்தே மாற்றச் சொல்லிவிட்டார். நான் அடுத்த சனிக்கிழமை கூலருக்காக மறுபடியும் அங்கே போகிறேன்.